எழுபத்தோராம் பக்கம்

காலை எட்டு நாற்பத்தேழுக்கு வரவேண்டிய பன்னிரண்டாம் எண் பேருந்து ஒன்பது ஐந்துக்கு வந்தது.

அவள் கைக்கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தாள். கடிகாரத்தில் கோளாறு இல்லை. பதினெட்டு நிமிடத் தாமதம். அப்படி ஒன்று நடக்காது என்று அவளே எழுதியிருந்தாள். தொண்ணூற்றிரண்டு பக்கம், கறுப்பு அட்டை, முதுகில் தங்க எழுத்து, மூன்று பிரதிகள்.

புள்ளியியல் முதுநிலைப் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட ஆய்வே இந்தப் பேருந்துதான். இதே மருந்துக்கடை நிறுத்தத்தில் நாற்பத்திரண்டு நாள், காலை ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை, பரீட்சை அட்டையும் பேனாவுமாக நின்றாள். பத்து நிமிடத்துக்கு ஒன்று, ஒரு காலைக்குப் பதினைந்து. மொத்தம் அறுநூற்று முப்பது பேருந்துகள். ஒவ்வொன்றும் வந்த நேரத்தை வினாடி சுத்தமாகக் குறித்தாள். சராசரித் தாமதம் எழுபது வினாடி. எழுபத்தோராம் பக்கத்தில் தைரியமாக ஒரு பரிந்துரையும் செய்தாள். இவ்வளவு ஒழுங்காக ஓடும் தடத்தில் ஒரு பேருந்தைக் குறைத்தாலும் பயணிகளுக்குச் சிரமம் இராது.

வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு. வெளித்தேர்வாளர், பேருந்து நிறுவனத்தின் திட்டப் பிரிவுத் தலைவி. ஆண்டுதோறும் அந்தத் தேர்விலிருந்து நிறுவனம் ஒருவரை வேலைக்கு எடுக்கும். ஒரே ஒருவரை. இந்த ஆண்டு அது அவள்தான் என்று துறையில் முடிவே கட்டிவிட்டார்கள். அவளும் மறுக்கவில்லை.

இன்று திங்கள். வேலை விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க, மருந்துக்கடை மாடியில் இருக்கும் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தாள். அங்கிருந்து பல்கலைக்கழகம் போகவேண்டும். வீட்டிலிருந்து போக வேறு பேருந்து உண்டு. பன்னிரண்டை அவள் அறுநூற்று முப்பது முறை பார்த்திருக்கிறாள். ஏறியது இல்லை.

ஏறினாள். உள்ளே மூச்சுவிட இடமில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். மறுபடி பார்த்தார். முதுகு நிமிர்ந்தது. சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“மேடம், முன்னாடி ஒரு லாரி ரிப்பேராகி நின்னுடுச்சு. அதான் கொஞ்சம் லேட்டு.”

“சரிங்க.”

“எழுதிக்கலையே?”

“எதை?”

“அட்டையைக் காணோம், அதான் கேட்டேன். நீங்க மாத்தலாகிப் போயிட்டீங்கன்னு டெப்போவுல பேசிக்கிட்டாங்க.”

“என்னை யாருன்னு நினைச்சீங்க?”

“செக்கிங் மேடம்.”

“நான் ஸ்டூடண்ட்ங்க. படிப்புக்காக எழுதினேன்.”

சிவப்பு விளக்கு விழுந்திருந்தது. ஓட்டுநர் திரும்பி அவளை முழுதாக ஒரு முறை பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். விளக்கு பச்சையானது. பின்னால் நான்கு வண்டி ஹாரன் அடித்தது. அவர் சிரித்து முடிக்கவில்லை.

“யப்பா, இங்க வாப்பா!” நடத்துநரைக் கூப்பிட்டார். “நம்ம செக்கிங் மேடம் ஸ்டூடண்டாம்!”

நடத்துநர் கூட்டத்தை நீந்திக்கொண்டு முன்னால் வந்தார். “அப்ப நான் ரெண்டு மாசமா தினம் ஷேவ் பண்ணிக்கிட்டு வந்தது?”

“ஒன் மூஞ்சிக்கு அது நல்லதுதான். எனக்கு டீ போச்சே! பாலத்துக்கிட்ட ஓரங்கட்டி ஒரு வாய் குடிப்போம். ரெண்டு மாசம் அந்தப் பக்கமே திரும்பல.”

“டீயை விட்டா எழுபது வினாடிக்குள்ள வந்துடலாமா?” என்று அவள் கேட்டாள். குரல் சின்னதாக வந்தது.

“டீயில என்ன இருக்கு மேடம். வண்டியே பத்தாது. நீங்க நிக்கிறதப் பாத்துட்டு ஒம்பதாம் நம்பர்லேருந்து ஒரு வண்டியை உருவி இதுல விட்டாங்க. நீங்க போனதும் திருப்பிக் குடுத்தாச்சு.”

“அப்ப ரெண்டு மாசம் ஒம்பதுல போனவங்க?”

“அவங்க விட்ட சாபம் யாருக்குப் போச்சோ.”

அவள் இறங்கும்போது ஓட்டுநர் குரலைத் தாழ்த்தினார். “என் பேரை எங்கயும் போட்டுடாதீங்க.”

“உங்க பேரே எனக்குத் தெரியாதுங்க.”

“அப்படியே இருக்கட்டும்.”

*

அக்கா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். வலியோடு வருகிறவர்களை உட்காரவைப்பது அவள் தொழில். எதற்கும் அசரமாட்டாள். ஒரு வாரமாக, வேலை முடிந்து வந்ததும் அம்மாவின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தங்கைக்கு நேர்காணல் நடத்திக்கொண்டிருந்தாள்.

“உங்க பலம் என்ன?”

“பொறுமை.”

“உங்க பலவீனம் என்ன?”

“தப்பு தப்பா தீசிஸ் எழுதுறது.”

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். “நேத்து வேற சொன்னியே.”

அவள் சொன்னாள். ஓட்டுநர், டீ, ஷேவிங், ஒன்பதாம் எண் எல்லாவற்றையும். அக்கா முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஷேவிங்கில் சிரிப்பு வெடித்துவிட்டது. அம்மா தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறவள். அவளுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

“இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு எங்க ஆபீஸ்ல ஒரு கடுதாசி தங்காது,” என்றாள். “மறுநாள் வந்து பாரு.”

“இதை ஏம்மா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?”

“நீ கேக்கலையே. கேட்டா ‘ரேண்டம், ரேண்டம்’ம்ப.”

அவளுக்கு நிறுத்தத்தில் தினமும் தனக்குக் குடை பிடித்த ஒரு பெண்மணி நினைவுக்கு வந்தாள். ‘நீங்க வந்தப்புறம்தாம்மா இந்த பஸ்ஸுக்கு நல்ல புத்தி வந்திருக்கு’ என்பாள். அவள் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டாள். குடைக்காரப் பெண்மணி கொடுத்தது தரவு.

“யாருக்குத் தெரியும்? பேசாம இரு,” என்றாள் அக்கா. “பட்டத்தை வாங்கு. வேலையில சேரு. உள்ள போய்ச் சரி பண்ணிக்க.”

“நான் ஒரு பஸ்ஸைக் கொறைக்கச் சொல்லி எழுதியிருக்கேன்க்கா. ஏற்கெனவே ஒண்ணு பத்தல.”

அம்மா மூவருக்கும் சோறு போட்டாள்.

“சரி. என்ன பண்ணலாம்னு நினைக்கிற?” என்றாள் அக்கா.

“திரும்ப அளக்கணும். ரெண்டு காலை இருக்கு. நாளைக்கு ஒளிஞ்சிருந்து அளக்கிறேன். நாளன்னிக்கு அட்டையோட ஒருத்தர் நிக்கணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா வித்தியாசம் தெரிஞ்சிடும்.”

“நில்லு. யாரு வேணாம்னா?”

“என்னைப் பாத்து இனிமே ஒருத்தரும் பயப்பட மாட்டாங்க. இந்நேரம் டெப்போ முழுக்கத் தெரிஞ்சிருக்கும்.”

அம்மா அக்காவைப் பார்த்தாள். அவளும் அக்காவைப் பார்த்தாள்.

“புதன்கிழமை எனக்கு ரெண்டு ரூட் கெனால் இருக்கு,” என்றாள் அக்கா.

“நீயா பண்றே?” என்றாள் அம்மா.

*

செவ்வாய்க்கிழமை ஆறே முக்காலுக்கு ஸ்டுடியோ மாடி ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றாள். ஒரு பக்கம் துணியில் தீட்டிய அருவி, மறுபக்கம் துணியில் தீட்டிய நூலகம். படக்காரருக்கு அவள் ஆய்வு பிடிபடவில்லை. யாரோ பையனுக்காக நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். “அவரு எந்த பஸ்ல வருவாரு?” என்று கேட்டார். “பன்னெண்டு,” என்றாள். “அப்ப கல்யாணம் தள்ளித்தான் போகும்,” என்றார் அவர்.

பதினைந்தில் பன்னிரண்டு பேருந்துகள்தான் வந்தன. வந்தவற்றின் சராசரித் தாமதம் பதினான்கு நிமிடம்.

குடைக்காரப் பெண்மணி எட்டு மணிக்கு வந்தாள். முதல் வண்டியில் ஏற முடியவில்லை. அடுத்ததிலும் முடியவில்லை. எட்டு நாற்பதுக்குக் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். எங்கே போகிறாள் என்று இரண்டு மாதத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மதியம் வழிகாட்டிப் பேராசிரியையின் அறைக்குப் போனாள். அவர் மேசையில் ஆறு ஆய்வேடுகள். மேலே இருந்தது அவளுடையது. அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் அதன் தங்க எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“பைண்ட் பண்ணியாச்சு,” என்றார்.

“ஆமா மேடம்.”

“நான் கையெழுத்துப் போட்டாச்சு.”

“ஆமா மேடம்.”

“மொத்த அளவையும் நீ பகல்ல, எல்லாரும் பாக்குற மாதிரி நின்னு எடுத்தே. அது எனக்கும் தெரியும். நானும் யோசிக்கல.” ஆய்வேட்டைத் திருப்பி வைத்தார். “தப்பு உன்னோடது மட்டும் இல்ல. ஆனா வேலை உன்னோடது மட்டும். புரியுதா? தேர்வுக்கு வர்ற அந்தம்மா கேட்டா சொல்லு. கேக்கலன்னா வாயைத் திறக்காதே. டிகிரியை நிறுத்தி வச்சாங்கன்னா இன்னொரு வருஷம். வேலை வேற ஒருத்தருக்குப் போயிடும்.”

“சொன்னா நிறுத்திடுவாங்களா?”

“நானா இருந்தா நிறுத்துவேன்.” பிறகு, “நாளைக்கு எத்தனை மணிக்கு அளக்கப் போறே?” என்று கேட்டார்.

“ஏழு.”

“அந்த ஜன்னல்லேருந்து ஸ்டாப் முழுசாத் தெரியுதா?”

“தெரியுது மேடம்.”

“எனக்கு ஒண்ணும் தெரியாது. போ.”

*

புதன்கிழமை அக்கா குளித்துத் தலைவாரி, வியாழனுக்கென்று தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். அம்மாவின் கண்ணாடி. கையில் அட்டை.

“அது என் சட்டை!”

“வேஷம் சரியா இருக்கணும்ல. நீ திரைக்குப் பின்னாடிதானே நிக்கப் போறே? எதைப் போட்டா என்ன?”

அவள் மாடியிலிருந்து பார்த்தாள். அந்த இரண்டு மாதமும் அவள் நிறுத்தத்தின் மூலையில் ஒதுங்கித்தான் நின்றாள். அக்கா நடைபாதை விளிம்புக்கே போய் நின்றாள். காத்திருந்தவர்கள் தாமாகவே வரிசையானார்கள்.

முதல் வண்டி பன்னிரண்டு நிமிடம் தாமதம், ஏழு பத்தொன்பதுக்கு வந்தது. அக்கா குனிந்து முன் டயரைப் பார்த்தாள். நிமிர்ந்து ஓட்டுநரைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். அட்டையில் ஏதோ எழுதினாள். ஓட்டுநரின் கை சட்டைப் பொத்தானுக்குப் போனது.

இரண்டாவது பதினாறு நிமிடம் தாமதம். மூன்றாவது பதினொன்று, அதாவது ஏழு முப்பத்தெட்டு. அடுத்த நிமிடமே நான்காவது வந்து நின்றது. அது வரவேண்டிய நேரம் ஏழு முப்பத்தேழு. நெற்றியில் ஒன்பது என்ற பலகையை அவிழ்த்துவிட்டுப் பன்னிரண்டை மாட்டியிருந்தார்கள். கோணலாகத் தொங்கியது.

அதற்குப் பிறகு ஒன்றின் தாமதமும் ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை. கடைசி வண்டி இருபது வினாடி முன்னதாகவே வந்து, அக்கா தலையசைக்கும்வரை புறப்படாமல் நின்றது. திங்கட்கிழமை நடத்துநர் அதில்தான் இருந்தார். கன்னம் பளபளத்தது.

“என்ன அட்டகாசம்!” என்றாள் அவள், அக்கா மாடிக்கு ஏறி வந்ததும். “டயரை எதுக்குக் குனிஞ்சு பாத்தே?”

“அவரு ரொம்பத் தைரியமா இருந்தாரு. எங்க ஆஸ்பத்திரியிலயும் சில பேரு அப்படி வருவாங்க. வாயைத் திறக்கச் சொல்லி ஒரு ‘ம்ம்’ போட்டாப் போதும்.”

அட்டையை வாங்கிப் பார்த்தாள். துணி சோப்பு, வெங்காயம், நாற்பது வாட் பல்பு.

அன்று மாலை நான்கு பக்கம் எழுதினாள். இரண்டு அட்டவணை, ஒரு வரைபடம். பெயர் எதுவும் போடவில்லை. மூன்று பிரதி எடுத்து, மூலையில் பின் அடித்தாள். அம்மா வெள்ளைச் சட்டையைத் துவைத்து மறுபடி தேய்த்தாள். நேர்காணல் பயிற்சி நடக்கவில்லை. அக்கா உற்சாகத்தில் இருந்தாள். டயர் கதையை அம்மாவிடம் மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை ஓட்டுநர் கிட்டத்தட்ட அழுதார்.

*

திட்டப் பிரிவுத் தலைவி சுருக்கமாகப் பேசுகிறவர். பென்சிலோடு வந்திருந்தார். ஆய்வேட்டின் ஓரங்களில் எல்லாம் பென்சில் கோடு. அவள் வரைபடங்களைத் திரையில் காட்டி இருபது நிமிடம் பேசினாள். நான்கு பக்கங்களும் அவள் மடியில் கவிழ்ந்து கிடந்தன.

“நல்ல வேலை,” என்றார் தலைவி. “வினாடி வரைக்கும் யாரும் அளக்கறதில்ல.”

வழிகாட்டி மின்விசிறியைப் பார்த்தார்.

“எழுபத்தோராம் பக்கத்தை எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் காப்பி போட்டுக் குடுத்திருக்கேன். திங்கட்கிழமையிலேருந்து பன்னெண்டுல ஒரு வண்டியை எடுத்துடுறோம். எனக்குக் கேள்வி ஒண்ணும் இல்ல.” பென்சிலைக் கீழே வைத்தார்.

கேட்கவில்லை. கேள்வியே இல்லை. வழிகாட்டி அவளைப் பார்த்து இமையால் ‘போதும்’ என்றார். பட்டம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது. வேலையும் அங்கேதான் இருந்தது. எழுந்து நன்றி சொன்னால் முடிந்தது.

அவள் எழுந்தாள்.

“எடுக்காதீங்க மேடம்,” என்றாள். “அந்த எழுபது வினாடி பஸ்ஸோடது இல்ல. என்னோடது.”

நான்கு பக்கத்தை மேசையில் வைத்தாள்.

தலைவி படித்தார். மெதுவாகப் படிக்கிறவர். முதல் பக்கத்தில் பென்சிலை எடுத்தார். இரண்டாம் பக்கத்தில் கோடு போட்டார். மூன்றாம் பக்கத்தில் பென்சிலை மறந்துவிட்டார்.

“உங்களைச் செக்கிங்குன்னு நினைச்சாங்கன்னு யார் சொன்னது?”

“பெயர் வாங்கிக்கல மேடம்.”

“டிரைவர்தானே?”

“தரவுல பெயர் இல்ல மேடம்.”

தலைவி அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு வரைபடத்துக்குத் திரும்பினார். “புதன்கிழமை. முதல் வண்டி ஏழு பத்தொன்பது. நாலாவது வண்டி ஏழு முப்பத்தொன்பது, ஒம்பதாம் நம்பர் வண்டி. அப்படின்னா முதல் டிரைவர் பாத்ததுலேருந்து இருபது நிமிஷத்துல செய்தி டெப்போவுக்குப் போய், வண்டியை மாத்தி, இங்க கொண்டுவந்து நிறுத்திட்டாங்க.”

“ஆமா மேடம்.”

“நான் ஒரு உத்தரவு போட்டா டெப்போவுக்குப் போய்ச் சேர மூணு நாள் ஆகுது.”

தலைவி பக்கத்தைத் திருப்பினார்.

“செவ்வாய்க்கிழமை பார்வையாளர் நீங்க. ஒளிஞ்சிருந்து. புதன்கிழமை ‘இரண்டாம் பார்வையாளர், பரீட்சை அட்டையுடன்’னு போட்டிருக்கு. அது யாரு?”

“என் அக்கா. பல் ஆஸ்பத்திரியில ரிசப்ஷன்ல இருக்காங்க.”

“பயிற்சி குடுத்தீங்களா?”

“இல்ல மேடம். தடுக்கத்தான் பாத்தேன்.”

வழிகாட்டிக்கு இருமல் வந்தது.

“கொஞ்சம் வெளியே இருங்க,” என்றார் தலைவி.

தாழ்வாரத்தில் நின்றாள். பழக்கதோஷம், மணி பார்த்தாள். பத்து ஐம்பத்திரண்டு. ஒரு வருடம் போனால் என்ன செய்வது என்று யோசித்தாள். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். அம்மா மறுபடி சட்டையைத் துவைப்பாள். சொல்லியிருக்க வேண்டாமோ என்று யோசித்துப் பார்த்தாள். அந்த யோசனை நிற்கவில்லை, குடையை மடக்கிக்கொண்டு நடந்துவிட்டது. பத்து ஐம்பத்தெட்டுக்கு உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. யாருடையது என்று தெரியவில்லை. பதினொன்று மூன்றுக்குக் கதவு திறந்தது.

“பாஸ்,” என்றார் வழிகாட்டி, அவள் உட்காரும் முன்பே. முகம் சிவந்திருந்தது. “இந்த நாலு பக்கத்தையும் கடைசி அத்தியாயமாச் சேத்து மறுபடி பைண்ட் பண்ணிக் குடுக்கணும். எழுபத்தோராம் பக்கத்தை எடுத்துடு.”

“எடுக்க வேண்டாம்,” என்றார் தலைவி. “இருக்கட்டும். அடுத்த வருஷம் வர்றவங்க பாக்கணும்.”

“நன்றி மேடம்,” என்றாள் அவள். வேறு வார்த்தை வரவில்லை. ஒரு வாரப் பயிற்சியும் எங்கோ போய்விட்டது.

“முதல் தேதி வந்து சேருங்க. பன்னெண்டு இப்போதைக்கு அப்படியே ஓடட்டும். நீங்க ஒம்பதாம் நம்பர்லேருந்து ஆரம்பிக்கணும். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது. திரைக்குப் பின்னாடியோ, மரத்துக்குப் பின்னாடியோ, அது உங்க பாடு.”

“சரிங்க மேடம்.”

“அது ஒளிஞ்சிருந்து அளக்குற வேலை. அதுக்கு ஆள் கிடைச்சாச்சு.” தலைவி நான்கு பக்கத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். கதவுவரை போனவர் நின்றார். “உங்க அக்கா அந்தப் பல் ஆஸ்பத்திரி வேலையை விட்டுட்டு வருவாங்களா?”